அலிபிரியில் காட்டிய கறுப்புக்கொடி

வேட்பாளர் ஒருவரின் பழைய போராட்டத்தைத் தேர்தல் நேரத்தில் தோண்டியெடுத்து அவருக்கு எதிரான ஆயுதமாக்குவது எல்லா நாட்டு அரசியலிலும் நடப்பதுதான் என்றாலும், அந்தப் போராட்டம் எதற்காக நடந்தது, அதன் கோரிக்கை பிறகு என்ன ஆயிற்று என்ற இரு கேள்விகளை விட்டுவிட்டு, கொடியை எரித்தாரா, கறுப்புக்கொடி பிடித்தாரா என்பதோடு நின்றுவிடும் விவாதத்தால் வாக்காளருக்கு ஒரு பயனும் இல்லை. ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலோ நிலைமை இன்னும் விசித்திரமானது: இங்கே பழைய போராட்டத்தை எதிரிகள் தோண்டுவதற்கு முன்பே, போராடியவர்களே அதைப் புதைத்துவிடுகிறார்கள்.

தோண்டியெடுக்கும் அரசியலுக்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் தெளிவான சான்று. அங்கு ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், ஏறத்தாழ நம் முதலமைச்சருக்கு நிகரானவர். 2018இல் அப்பதவிக்கு ஜனநாயகக் கட்சி சார்பில் போட்டியிட்ட ஸ்டேசி ஏப்ரம்ஸ், 1992 ஜூனில் அட்லாண்டா நகரில் சட்டமன்றக் கட்டடத்தின் படிகளில் மாநிலக் கொடியை எரித்த மாணவர்களுள் ஒருவர் என்ற செய்தி, வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில், வேட்பாளர்களின் நேருக்கு நேர் விவாதத்தை ஒட்டி வெளியாயிற்று. கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரியில் அவர் அப்போது முதலாண்டு மாணவி. செய்தி பரவிய வேகத்தில், எரிந்தது எந்தக் கொடி என்பது பின்னுக்குப் போய்விட்டது. அடிமைமுறையைக் காப்பதற்காக 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடத்திய தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்ச் சின்னத்தை ஜார்ஜியா தன் கொடியில் சேர்த்தது போர் முடிந்த காலத்தில் அன்று, 1956இல். அதாவது, பள்ளிகளில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அத்தீர்ப்பைத் தென்மாநிலங்கள் எதிர்த்து நின்ற நாள்களில். அந்தக் கொடியை மாற்ற வேண்டும் என்று 1992இல் மாநில ஆளுநராக இருந்த ஜெல் மில்லரே முயன்று, மறு ஆண்டு பின்வாங்கினார். 2001இல் அதை மாற்றிக் காட்டிய ஆளுநர் ராய் பார்ன்ஸ் அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். ஆக, ஏப்ரம்ஸ் மீது குற்றம் சாட்டப்பட்டபோது, அவர் எரித்த கொடியை ஜார்ஜியாவே கைவிட்டு 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினெட்டு வயது மாணவிக்குப் புரிந்தது மாநிலச் சட்டமன்றத்துக்குப் புரிய ஒன்பது ஆண்டு பிடித்தது என்பதே அந்தச் செய்தியின் சாரமாக இருந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. மாநிலங்களுக்கு அதிகாரபூர்வத் தனிக்கொடி இல்லாததால் அதை எதிர்த்துப் போராடும் தேவையும் எழவில்லை. தேசியக் கொடியையோ அரசமைப்புச் சட்டத்தையோ எரிப்பது 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதில் தண்டனை பெற்றவர் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் எட்டாம் பிரிவின்கீழ்த் தேர்தலில் நிற்கும் தகுதியையும் ஆறாண்டுகளுக்குக் குறையாமல் இழக்கிறார். சட்டவழியில் மாற்றம் வேண்டிக் கொடியையோ அரசமைப்பையோ விமர்சிப்பது குற்றமாகாது என்று அதே 1971ஆம் ஆண்டுச் சட்டம் விளக்கம் தந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே நம் நாட்டில் எதிர்ப்பின் அடையாளமாக நிலைபெற்றது கறுப்புக்கொடி; ஒருவரையும் புண்படுத்தாத, எளிதில் கிடைக்கும், நாளை மடித்து வைத்துவிடவும் கூடிய துணி.

மடித்து வைப்பதில்தான் சிக்கல். 2018 மே 11 அன்று அப்போதைய பாரதிய ஜனதா கட்சித் தலைவர் அமித் ஷா திருமலையில் தரிசனம் முடித்துத் திரும்பியபோது, மலையடிவாரமான அலிபிரியில் தெலுங்கு தேசத் தொண்டர்கள் கறுப்புக்கொடியும் முழக்கமுமாக மறித்தனர். அணிவகுத்து வந்த வாகனம் ஒன்றின் கண்ணாடி உடைந்தது. கண்ணாடி உடைத்தது தவறு; கொடி காட்டியது உரிமை. அவர்களின் கோரிக்கை, ஆந்திரப் பிரிவினையின்போது 2014 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் அறிவித்த சிறப்பு அந்தஸ்து. மத்தியத் திட்டங்களுக்கான செலவில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பித் தர வேண்டாத மானியமாகப் பெறும் நிலையைத்தான் அச்சொல் குறித்தது. அலிபிரி மறியலுக்குச் சில நாள் முன்பு, ஏப்ரல் 30 அன்று, நாராவாரிப்பள்ளியில் பிறந்து குப்பம் தொகுதியிலிருந்து தொடர்ந்து வென்றுவரும், தெலுங்கு தேசத் தலைவரும் அன்றைய முதலமைச்சருமான சந்திரபாபு நாயுடு திருப்பதியில் பெருங்கூட்டம் நடத்தினார். நான்காண்டு முன்பு அதே நாளில் நரேந்திர மோதி அதே நகரில் பேசியதை நினைவூட்டவே அந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. சித்தூர் மக்களவை உறுப்பினரும் நடிகருமான சிவபிரசாத் அதே கோரிக்கைக்காக நாரதராகவும் ஹிட்லராகவும் வேடமிட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தார். 2019 பிப்ரவரியில் முதலமைச்சரே கறுப்புச் சட்டையுடன் டெல்லியில் உண்ணாவிரதம் இருந்தார்.

2024இல் அதே தெலுங்கு தேசம் அதே பாரதிய ஜனதாவோடு கூட்டணி கண்டு ஆட்சிக்கு வந்தது. கூட்டணி மாறுவது அரசியலில் பாவமன்று. அமராவதித் தலைநகருக்கு 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் 15,000 கோடி ரூபாய் ஏற்பாடு கிடைத்ததையும் மறுக்க முடியாது. ஆனால் அலிபிரியில் வெயிலில் நின்ற தொண்டனுக்கு அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டதா, நிறைவேறியதா, ஒத்திவைக்கப்பட்டதா என்று ஒருவர் சொல்ல வேண்டாமா? இந்தத் தடுமாற்றம் 2024இல் தொடங்கியதும் அன்று. 2016 செப்டம்பரில் சிறப்பு அந்தஸ்துக்கு மாற்றாக மத்திய அரசு அறிவித்த நிதித் தொகுப்பை நாயுடு ஏற்றார். 2017 குடியரசு நாளன்று சிறப்பு அந்தஸ்துக்காகப் போராட விசாகப்பட்டினம் வந்த அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ஜெகன்மோகன் ரெட்டியை நாயுடு அரசின் போலீசார் விமான நிலையத்திலேயே தடுத்தனர். அந்த ஜெகனும் 2019இல் 22 மக்களவை உறுப்பினர்களைப் பெற்று ஐந்தாண்டு ஆண்டபின்னும் சிறப்பு அந்தஸ்தைப் பெற்றுத் தரவில்லை.

சித்தூர் மண்ணின் இன்னொரு தலைவரான கிரண்குமார் ரெட்டி, மாநிலப் பிரிவினையை எதிர்த்து 2014 பிப்ரவரியில் முதலமைச்சர் பதவியையே துறந்தவர். பிரிவினை மசோதாவுக்கு மக்களவையில் கைகொடுத்த பாரதிய ஜனதாவில் 2023இல் சேர்ந்து, மறு ஆண்டு ராஜம்பேட்டையில் போட்டியிட்டுத் தோற்றார். பதவி துறந்தது பெருமைக்குரியது. அதற்கான காரணத்தையும் சேர்த்துத் துறந்தது அப்படியன்று.

இதற்கு மாறாக, வடக்கெல்லைப் போராட்டத்தில் திருப்பதியைக் கேட்டுச் சிறை சென்ற ம.பொ.சிவஞானம், திருப்பதி கிடைக்காமல் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மட்டுமே சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும், எதைக் கேட்டோம், எது கிடைத்தது என்பதை எழுத்திலும் மேடையிலும் வெளிப்படையாகச் சொன்னவர். அவரது கோரிக்கையை ஆந்திர மக்கள் ஏற்க வேண்டியதில்லை. அவர் கணக்கு ஒப்பித்த முறையை எல்லாக் கட்சியினரும் ஏற்கலாம்.

வேட்புமனுவோடு தரப்படும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் நிலுவை வழக்குகளைக் குறிப்பிட வேண்டும். ஆனால் அங்கே பழைய கறுப்புக்கொடி வழக்கு, 2024 வரை நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143, 341, 188 என்ற பிரிவு எண்களும் குற்றத்தின் சுருக்க விவரமுமாகவே நிற்கிறது. சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது, அதிகாரியின் உத்தரவை மீறியது என்பவையே அவற்றின் பொருள். மக்களுக்காக மறியல் செய்தவரும் மணல் கடத்தலுக்குக் காவல் நின்றவரும் அதே அட்டவணையில் அடுத்தடுத்து வருகிறார்கள். போராட்ட வழக்குகளைத் தனிப் பகுதியாக்கி, எந்தக் கோரிக்கைக்காக, எந்த நாளில், எந்த இடத்தில் என்று எழுதச் செய்யும் திருத்தத்தைத் தேர்தல் ஆணையம் கொண்டுவர வேண்டும். அதுவரை குப்பம், நகரி, புத்தூர், சத்தியவேடு வாக்காளர்கள் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், அன்று கறுப்புக்கொடி பிடித்தது ஏன் என்று கேட்க வேண்டாம். அந்தக் கோரிக்கை இன்று எங்கே என்று கேட்கட்டும்.