பேரரசு சரிந்தது, சுரங்கம் யாருக்குப் போனது?

ஒரு பேரரசின் வரலாற்றைப் போர், கடற்பயணம், வீழ்ச்சி என்று மூன்று பாடமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். மன்னன் வென்றான், மாலுமி புதிய நிலத்தைக் கண்டுபிடித்தான், கடைசியில் எல்லாம் சரிந்தது. அந்தப் பேரரசைத் தோளில் சுமந்தவர்கள் இந்தப் பாடங்களில் எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கேள்வியை ஸ்பெயினிடம் கேட்டுப் பார்க்கிறேன். காரணம் இருக்கிறது. 'காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் 'காஸ்டா'. போர்த்துகீசியர் இங்கே கண்ட சாதிகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஸ்பானியர்கள் அதே சொல்லை வைத்து அமெரிக்காவில் மனிதர்களைப் பிறப்பின்படி தரம் பிரித்தார்கள்.

1492இல் கொலம்பஸ் கரை இறங்கிய இடத்தில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1521இல் ஆஸ்டெக் தலைநகரம் டெனோச்டிட்லான் விழுந்தது. கோர்டெஸின் வீரத்தால் மட்டும் விழவில்லை. பெரியம்மை நகரத்தைத் தின்றது. ஆஸ்டெக்குகளின் நெடுநாள் பகைவர்களான த்லாக்ஸ்கலா மக்கள் ஆயிரக்கணக்கில் ஸ்பானியர் பக்கம் நின்று போரிட்டார்கள். 1532இல் பிசாரோ 168 பேருடன் இன்கா அரசர் அதாவல்பாவைச் சிறைபிடித்தபோது, இன்கா நாடு சகோதரச் சண்டையில் ஏற்கெனவே களைத்திருந்தது.

போர் முடிந்ததும் சுரண்டல் தொடங்கியது. 1545இல் இன்றைய பொலிவியாவின் பொடோசியில் வெள்ளி மலை கிடைத்தது. 1570களில் அரசப் பிரதிநிதி டொலேடோ, சுற்றுவட்ட மாகாணங்களின் பூர்வகுடி ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் முறைவைத்துச் சுரங்கத்துக்கு வர வேண்டும் என்று கட்டாயமாக்கினார். 'மீதா' என்ற அந்த முறை அவர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. இன்கா மன்னர்கள் வாங்கிய கட்டாய உழைப்பையே ஸ்பெயின் தனக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது. ஆண்டை மாறினான், அடிமை முறை மாறவில்லை.

இவ்வளவு வெள்ளி வந்தும் ஸ்பெயின் செழித்ததா? ஐரோப்பா முழுக்க நடத்திய போர்களுக்கும் கடன்காரர்களுக்கும் வெள்ளி கரைந்தது. இரண்டாம் பிலிப் 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடனைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்தார். நம் புத்தகங்கள் இதைத்தான் வீழ்ச்சி என்கின்றன. ஆனால் கஜானா காலியான அந்த ஆண்டுகளுக்குப் பிறகும் சுரங்கத்துக்குள் ஆள் இறங்குவது நிற்கவில்லை. மீதா 1812 வரை சட்டத்தில் இருந்தது. 1780இல் அதை எதிர்த்துக் கிளர்ந்த இரண்டாம் துபாக் அமாருவும் அவர் துணைவி மிக்காயெலா பாஸ்திதாஸும் மறு ஆண்டு குஸ்கோ சதுக்கத்தில் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள்.

1825இல் பொலிவியா விடுதலை அடைந்தது. அதிகாரத்துக்கு வந்தவர்கள் அங்கேயே பிறந்த ஸ்பானிய வம்சாவளியினர். பூர்வகுடிகள் மீதான தலைவரி அடுத்த ஆண்டே திரும்பி வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் வாக்கு என்றார்கள்; பள்ளிக்கூடக் கதவையும் அவர்களே சாத்தி வைத்திருந்தார்கள். 1952 புரட்சிக்குப் பிறகே அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. பேரரசு போன தேதிக்கும் மக்கள் குடிமக்களான தேதிக்கும் நடுவே 127 ஆண்டுகள்!

இதனால்தான் பேரரசுகளின் எழுச்சிக்குக் கைதட்டுவதைப் போலவே, அவற்றின் வீழ்ச்சியை மட்டும் கொண்டாடி நின்றுவிடுவதையும் நான் சந்தேகிக்கிறேன். அரசியல் சமத்துவம் கிடைத்தும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மை நீடித்தால் என்னவாகும் என்று அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். பொடோசியின் கதை அந்த எச்சரிக்கைக்கு இன்னொரு சாட்சி.

தோழர்களே, அடுத்த முறை எந்தப் பேரரசைப் பற்றிப் படித்தாலும், அது எப்போது விழுந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். விழுந்த பிறகு நிலம் யாரிடம் போனது, பள்ளிக்கூடம் யாருக்குத் திறந்தது, சுரங்கத்துக்குள் யார் இறங்கினார்கள் என்றும் கேளுங்கள். பதில் பழைய பெயர்களாகவே இருந்தால், அங்கே போராட்டம் இன்னும் முடியவில்லை.