மன்றத்தின் இணையதளத்துக்குப் பொறுப்பு யார்?

பெங்களூர்த் தமிழர்களாகிய நாம், எங்கள் வீட்டிலும் ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் உண்டு என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் உட்கார்ந்து வெளிநாட்டு வங்கிகளின் கணினிகளுக்கு இரவு முழுக்கக் காவல் இருப்பவர்களில் நம் பிள்ளைகள் பலர். அப்படிப்பட்ட ஊரில், நம் பகுதித் தமிழ் மன்றத்தின் இணையதளம் இரண்டு மாதம் வெறும் வெள்ளைப் பக்கமாகக் கிடந்தது. திரும்பி வந்தபோதும் தமிழுக்குப் பதில் பூச்சி பூச்சியாக ஏதோ தெரிந்தது. இதுபற்றி அன்பர்களிடையே பலவாறு பேச்சு அடிபடுகிறது. சரிபார்க்கும் வேலையில் உடனிருந்தவன் என்ற முறையில் என் கருத்தையும் வைக்கிறேன்.

தளம் 2008இல் உருவானது. உருவாக்கிய தம்பி அப்போது கல்லூரி மாணவர். ஒரு காசு வாங்காமல் செய்து கொடுத்தார். இன்று அவர் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார். செர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனம், மென்பொருளைப் புதுப்பிக்கப் போவதாகப் பலமுறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அத்தனையும் அந்தத் தம்பி எப்போதோ கைவிட்ட கல்லூரி முகவரிக்குப் போயிருக்கின்றன. சொன்ன தேதியில் புதுப்பித்தார்கள். மறுநாள் காலையில் தளம் இல்லை.

நிறுவனத்தின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் விஷயம் அப்படியல்ல. நம் தளம் எழுதப்பட்டிருந்தது பி.எச்.பி. என்னும் கணினி மொழியின் பழைய பதிப்பில். தகவல் களஞ்சியத்தோடு பேசுவதற்கு அதிலிருந்த பழைய கட்டளைகளை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013லேயே எச்சரித்துவிட்டார்கள். 2015 டிசம்பரில் வெளிவந்த 7.0 பதிப்பில் அவற்றை அடியோடு நீக்கினார்கள். 5 வரிசையின் கடைசிப் பதிப்பான 5.6க்கும் 2018 டிசம்பர் 31ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆளில்லாத மென்பொருளை எந்த நிறுவனம் ஓடவிடும்? புதிய சிலிண்டரில் பழைய ரெகுலேட்டர் பொருந்தவில்லை என்றால் சிலிண்டர் கொண்டுவந்தவரைத் திட்டிப் பயனில்லை.

வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. பிழைச் செய்தியைப் பார்வையாளருக்குக் காட்டாமல் மறைத்து வைப்பதுதான் வழக்கம். அதற்கென்று செர்வரில் தனியாக ஒரு பதிவேடு இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தபோது, இன்ன கட்டளை இப்போது கிடையாது என்று வரி எண்ணோடு எழுதியிருந்தது. புதிய கட்டளைகளை மாற்றிப் போட ஒரு சனி, ஞாயிறு போதுமானதாக இருந்தது.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடியும் 'ஏ' என்று பக்கம் பக்கமாக வந்ததே, அது ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். யூனிகோடு முறையில் இணையத்தில் எழுதும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் இடம் தேவை. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக மொத்தம் பதினைந்து பைட். 2008இல் தளம் அமைத்தபோது, களஞ்சியத்தில் 'இது மேலைநாட்டு எழுத்து' என்ற முத்திரையே இருந்தது. அந்த நாளில் அதுதான் தானாக வரும் அமைப்பு. உள்ளே போகும்போதும் அதே முத்திரை, வெளியே வரும்போதும் அதே முத்திரை என்பதால் தமிழ் சேதமில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஒரு தவறு இன்னொரு தவறை ஈடுகட்டிக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. புதுப்பித்தலோடு வந்த மை எஸ்.க்யூ.எல். களஞ்சியத்தின் 8.0 பதிப்பு, வெளியே கொடுக்கும்போது யூனிகோடாக மாற்றிக் கொடுப்பதையே வழக்கமாகக் கொண்டது. 'மேலைநாட்டு எழுத்து' என்ற முத்திரையை நம்பி, தமிழின் ஒவ்வொரு பைட்டையும் ஒரு தனி எழுத்தாக எண்ணி மொழிபெயர்த்துவிட்டது. பதினைந்து பைட், பதினைந்து பூச்சியாயிற்று.

கவனியுங்கள், உள்ளே இருந்த தமிழுக்கு எந்தக் கேடும் வரவில்லை. அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 1991 முதல் 2009 ஆகஸ்ட் வரை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்ததே, அதுபோல எழுத்து இருந்தது, பார்க்கத்தான் முடியவில்லை. களஞ்சியத்திடம் 'இவை எழுத்தே அல்ல, வெறும் எண்கள்' என்று ஒருமுறை சொல்லி, பிறகு 'இந்த எண்கள் யூனிகோடு' என்று சொன்னால் போர்வை விலகிவிடும். இடையில் அந்தப் படியை விட்டுவிட்டு நேரே மாற்றினால் பூச்சியே நிரந்தரமாகிவிடும். அதனால்தான் எதையும் தொடுமுன் முழுக் களஞ்சியத்தையும் நகலெடுத்து, நகலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வருத்தம் என்னவென்றால், நகல் எடுப்பதற்கு முன்பே ஓர் அன்பர் நல்லெண்ணத்தோடு சில கட்டுரைகளைத் திறந்து, புதிதாகத் தமிழில் தட்டச்சு செய்து சேமித்துவிட்டார். மேலைநாட்டு எழுத்து என்ற முத்திரை போட்ட பெட்டியில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. தட்டியதெல்லாம் கேள்விக்குறிகளாகப் பதிவாகி, அடியில் இருந்த பழைய கட்டுரையையும் அழித்துவிட்டன. பூச்சி எழுத்தை மீட்கலாம். கேள்விக்குறியை மீட்க வழியே கிடையாது. அப்படிப் போனவற்றுள், கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த மறைந்த பெரியவர் ஒருவர் எழுதிய தொடரின் இரண்டு பகுதிகளும் உண்டு. 2001 பிப்ரவரி 28இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. உள்ளே இறங்கி வேலை பார்த்தவர்கள் தம் கையால் எழுதி வைத்தது எவ்வளவு இருக்கப்போகிறது?

இனி நாம் என்ன செய்யப்போகிறோம்? மன்றத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. பழைய பதிப்புக்கே திரும்பக் கேட்டு வாங்கலாம் என்பது ஒன்று. அது திருடன் வரும் வழியைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவதாகும். தளமே வேண்டாம், வாட்ஸ்ஆப் குழு போதும் என்பது மற்றொன்று. பொங்கல் விழா எத்தனை மணிக்கு என்று சொல்ல வாட்ஸ்ஆப் போதும், மறுக்கவில்லை. ஆனால் பத்தாண்டுக்கு முன் வந்த கட்டுரையை அதில் யார் தேடி எடுப்பது? அடுத்தவர் இடத்தில் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜியோசிட்டீஸ் சாட்சி. இலவசமாகக் கிடைத்த அந்த இடத்தில் தமிழன்பர்கள் பலர் தொடக்க காலத்தில் பக்கம் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடிவிட்டது.

இணையத் தமிழுக்கு இது முதல் கண்டமும் அல்ல. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறிமுறை என்று இருந்த காலம் நமக்கு நினைவிருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற இரண்டு முறைகளைத் தமிழக அரசு ஏற்றது; வெளிநாட்டு அன்பர்கள் டிஸ்கியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லாரும் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கியில் சேர்த்து வைத்த நூல்களையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றியது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் செய்த வேலை அது. பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்ததால் அந்த நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. யாரிடமும் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. மன்றக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பத்துப் பேருக்குத் தெரியும். தளத்தின் பாஸ்வேர்டு யாரிடம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். தளத்தின் பெயர் இன்னும் தனி மனிதர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. அதை மன்றத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும். நிறுவனத்தின் கடிதங்கள் செயலாளர், பொருளாளர் இருவருக்கும் வரும்படி ஒரு பொது முகவரி வேண்டும். மாதம் ஒருமுறை முழு நகல் ஒன்று ஹார்டு டிஸ்கில் ஏறி, மன்ற பீரோவுக்குள் போக வேண்டும். செயற்குழுவில் நூலகப் பொறுப்பாளர் இருப்பதுபோல இணையப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி இருந்தால், அவர் ஊர் மாறும்போது முறைப்படி அடுத்தவருக்குக் கைமாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் செலவுக்கு ஒரு சிறு தொகையும் வரவு செலவில் ஏற வேண்டும். ஆண்டு விழா ஷாமியானாவுக்கு ஆகும் செலவைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன்; அன்பர்கள் வந்து ஆதரிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். தங்கவயல் பெரியவரின் தொடர் அச்சு இதழிலும் வந்தது. மன்றக் கோப்பில் அந்த இரண்டு இதழ்கள் இல்லை. பழைய இதழ்களைக் கட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் பரணைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். இதழைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. வீட்டுக்கே வந்து படமெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.