விற்பதா, வைத்திருப்பதா?

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவே உள்ளது வேப்பம்பட்டு. தினந்தோறும் பட்டணத்திற்கு வேலைக்குச் சென்று திரும்பும் குடும்பஸ்தர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடுகள் அங்கு அநேகம். அவ்வீட்டுக்காரரிடம் ஒரு தரகர் விலை ஏறும் என்கிறார். மற்றொருவர் இறங்கும் என்று பயமுறுத்துகிறார். இப்பொழுதே விற்பதா, இன்னும் பொறுப்பதா என்று அவர் தூக்கமின்றித் தவிக்கிறார். இது அவரவர் சொந்த விஷயம், பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் ஒரே கையெழுத்தில் அடங்கியிருக்கையில், அது பொது விஷயமே என்பது நமது அபிப்பிராயம்.

பீதியில் விற்பதன் பலனைச் சென்னை நன்கு அறியும். 1942 ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அவசியமில்லாதவர்கள் பட்டணத்தை விட்டு வெளியேறலாம் என்று சர்க்கார் அறிவித்ததும் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ரெயிலேறினர். கிடைத்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுப் போனவர்கள் பலர். ஜப்பானியப் படையோ சென்னையில் வந்து இறங்கவேயில்லை. வதந்திக்குப் பயந்து விற்றவரின் நஷ்டமே, பொறுமையுடன் வாங்கியவரின் லாபமாயிற்று.

ஆனால் பீதி ஒரு வியாதியென்றால் பேராசையும் ஒரு வியாதியே. 2022-ஆம் ஆண்டு பரந்தூரில் விமான நிலையம் வருமென்ற அறிவிப்பு வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. எண்ணூர்ப் பக்கமிருந்து திருவள்ளூர் வழியாக மாமல்லபுரம் வரை எல்லைச் சாலை போடும் திட்டமும் உண்டு. இவற்றைக் கேட்டவுடனே விலை இரட்டிக்கும் என்று வீட்டைப் பூட்டிவைத்துக் காத்திருப்போர் இருக்கின்றனர். அறிவிப்பு வேறு, சாலை வேறு. இரண்டுக்கும் இடையே கழியும் வருஷங்களுக்கு வட்டி கட்டுபவர் வீட்டுக்காரரேயன்றித் தரகர் அல்லர்.

ஆகையால் சந்தையைக் கேட்குமுன் தமது கணக்கைப் பார்க்க வேண்டுமென்கிறோம். ஒருவரின் வீடு 40 லட்சம் ரூபாய் பெறுமென்று வைத்துக்கொள்வோம். அது வருஷத்துக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறினால் ஆதாயம் 2,00,000 ரூபாய். அவருக்கே 12 வீத வட்டியில் 20 லட்சம் கடன் இருந்தால் வட்டி 2,40,000 ரூபாய். அவ்வீடு பூட்டிக் கிடக்குமாயின், காத்திருப்பது நஷ்டமேயாகும். கடனில்லாமல் தாமே குடியிருப்பவருக்கோ அவசரம் எதுவுமில்லை.

இப்பொழுது விற்று, விலை விழுந்தபின் திரும்ப வாங்கலாம் என்று எண்ணுவோர் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு முதல் இம்மாகாணத்தில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. அத்தகைய வீட்டின் விலை ஏறத்தாழ 36,70,000 ரூபாய்க்குக் கீழே இறங்கினாலன்றித் திரும்ப வாங்குவதில் லாபமில்லை. குடக்கூலியும் தரகும் இதற்குப் புறம்பு. விற்ற கையோடு அதே வட்டாரத்தில் வேறு வீடு வாங்குபவரோ விலையைப் பற்றி வீணாகக் கவலைப்பட வேண்டாம். விற்பதில் குறைந்தது வாங்குவதிலும் குறையும்.

வரி விஷயத்தையும் மறக்கலாகாது. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயத்தின்மீது வரி நூற்றுக்கு 12.5. 2024 ஜூலை 23-ந் தேதிக்கு முன் வாங்கியவர், இந்நாட்டில் வசிப்பவராயின், விலைவாசி உயர்வைக் கழித்துக்கொண்டு 20 வீதம் கணக்கிட்டு, இரண்டில் குறைந்ததைச் செலுத்தலாம். ஆதாயத்தை இரண்டு வருஷத்திற்குள் வேறு குடியிருப்பு வீடு வாங்குவதிலோ, மூன்று வருஷத்திற்குள் கட்டுவதிலோ போட்டால் சட்டம் சலுகை அளிக்கிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, விற்கும் எண்ணம் இல்லாதவரும் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனை அங்கீகாரம் ஆகியவற்றை இன்றே ஒழுங்குபடுத்திக் கொள்ளுவாராக. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாதென்று 2016-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தடுத்தபொழுது, பணமுடை வந்தும் விற்க முடியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர்! காகிதம் சரியாக உள்ளவனே காலத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். மற்றவனைக் காலம் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. சாலையையும் விமான நிலையத்தையும் அறிவிப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. எந்த நிலம் எடுக்கப்படும், எந்த வருஷத்தில் வேலை முடியும் என்பதை ஜனங்கள் அறியும் மொழியில், கிராமந்தோறும் வெளியிட வேண்டும். உண்மை வெளிவராத இடத்தில்தான் வதந்தி விலை பேசுகிறது. அது வரும்வரை வேப்பம்பட்டு வாசிகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: தேவை வந்தால் தயங்காமல் விற்பீர், பயத்தால் விற்காதீர், ஆசையால் காத்திராதீர்.