கூலிங் கிளாஸ் வாங்க கால்குலேட்டரோட போங்க

கூலிங் கிளாஸ் கடையில இப்பல்லாம் முதல்ல ஒரு அட்டையைத்தான் நீட்டுறாங்க. வெறும் கண்ணுல பார்த்தா அதுல ஒண்ணும் இருக்காது. கண்ணாடியைப் போட்டா மீன் தெரியும். "பாத்தீங்களா சார், ஒரிஜினல் போலரைஸ்டு!" நாமளும் வாயைப் பொளந்துக்கிட்டு ஐநூறு, ஆயிரம் கூடக் குடுத்துட்டு வந்துடுறோம்.

அட்டை பொய் சொல்லாதுங்க. ஆனா அது சொல்றது ரொம்பக் கொஞ்சம். லென்சுல போலரைசர் ஃபிலிம் இருக்கு, அவ்வளவுதான். ஒழுங்கா ஒட்டியிருக்கா? அதுக்கு காலேஜ்ல வச்சிருந்த சயின்டிஃபிக் கால்குலேட்டரை எடுத்துட்டுப் போங்க (நாலு வருஷம் சும்மா சுமந்ததுக்கு இப்பவாச்சும் உதவட்டும்). எல்சிடி திரையிலேர்ந்து வர்ற வெளிச்சமே போலரைஸ்டுதான். திரைக்கு முன்னாடி கண்ணாடியைப் பிடிச்சு மெதுவா சுத்துங்க. ஏதோ ஒரு கோணத்துல திரை கன்னங்கரேல்னு ஆகணும், அங்கேர்ந்து 90 டிகிரி திருப்பினா பழையபடி தெரியணும். இல்லைன்னா அது வெறும் கலர் கண்ணாடி. முக்கியமா, ரெண்டு லென்சும் ஒரே கோணத்துல கருக்கணும். செல்போன் திரையில இதைப் பண்ணாதீங்க, சில மாடல்ல நல்ல கண்ணாடியே கருக்காது.

அப்புறம் தெருவுக்கு வந்து ஈர ரோட்டைப் பாருங்க. அதுல பட்டுத் தெறிக்கிற கூச்சம் பெரும்பாலும் கிடைமட்டமா போலரைஸ் ஆகியிருக்கும். 1808-ல எட்டியென் மாலுஸ் கண்டுபிடிச்ச சமாச்சாரம் (அவரும் இன்ஜினியர்தான், ஹிஹி). கண்ணாடி போட்டா கூச்சம் அடங்கணும், தலையைப் பக்கவாட்டுல சாய்ச்சா திரும்ப வரணும்.

இவ்வளவும் பாஸானாலும் கண்ணுக்குப் பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல. என் கடுப்பே இங்கதான். போலரைஸ்டு கூச்சத்தைக் குறைக்கும். கண்புரை வரைக்கும் இழுத்துட்டுப் போறது புற ஊதாக் கதிர். அது வேற டிபார்ட்மெண்ட். கறுப்பு லென்சுக்குப் பின்னாடி பாப்பா விரிஞ்சுக்கும். லென்ஸ் புற ஊதாவைத் தடுக்கலைன்னா கதிர் கூடுதலாவே உள்ள போகலாம். 'யூவி 400'னா 400 நானோமீட்டர் வரைக்கும் தடுக்கணும். அந்த ஸ்டிக்கரை யார் வேணா அடிக்கலாமே! யூவி மீட்டர் இருக்கிற கண்ணாடிக் கடையில குடுங்க, ஒரு நிமிஷ வேலை.

கையில இருக்கிறது ஆயிரம் ரூபான்னா என் ஓட்டு சாதா யூவி 400-க்குத்தான். மீன், அட்டையெல்லாம் அப்புறம். அதுவும் பைக்ல டிஜிட்டல் மீட்டர் இருக்கிறவங்க போலரைஸ்டு வாங்குறதுக்கு முன்னாடி வண்டியில உக்காந்து ஒரு தடவை போட்டுப் பார்த்துடுங்க. அதுவும் எல்சிடிதானே, ஸ்பீடே தெரியாமப் போக சான்ஸ் இருக்கு.