பத்துப் புத்தகப் பட்டியல் கேட்டவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படித்துக்கொண்டிருக்கிறேன் என்று போன வாரம் இரண்டு வரி போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு என் பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "டீச்சர், கட்டாயம் படிக்க வேண்டிய பத்துப் புத்தகம் சொல்லுங்க." ஒருவர் நூறு கேட்டிருக்கிறார். பள்ளியில் பத்துக் கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் முகம் சுளித்த பிள்ளை அவர்!

பட்டியல் தரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். கூட்டலிலேயே தடுமாறுகிற பிள்ளைக்கும் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைக்கும் ஒரே வீட்டுப்பாடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று முப்பத்து மூன்று வருடம் பார்த்தவள் நான். முதல் பிள்ளை நோட்டை மூடிவிடும். பட்டியலும் அப்படித்தான். புத்தகக் கண்காட்சியில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தலையணை கனத்துக்கு ஒரு நாவல் வாங்கி, பதினைந்தாம் பக்கத்தில் பேருந்துச் சீட்டைச் செருகி, அதோடு 'நமக்கு வாசிப்பு வராது' என்று முடிவு கட்டிவிட்டவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை.

உ.வே.சா.வுக்கு வருகிறேன். இந்த நூல் 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் பாதியில் நின்றுபோனது. அதில் ஓர் இடத்தை இந்த முறை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் படித்தேன். 1880ஆம் வருடம். உ.வே.சா.வுக்கு இருபத்தைந்து வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. சேலம் இராமசாமி முதலியார் அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருக்கிறார். மரியாதைக்குப் பார்க்கப் போகிறார் இவர். முதலியார் கேட்கிறார்: என்ன படித்திருக்கிறீர்கள்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா, அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். கேட்பவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கடைசியில், இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி ஒரு கேள்வி. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் எல்லாம் படித்ததுண்டா என்று அடுத்த கேள்வி. இவர் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. புத்தகம் கிடைத்தால் படிப்பேன் என்று பதில் சொல்கிறார்.

இதுவரை எல்லோரும் சொல்கிற கதைதான். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த பகுதி. முதலியார் அதோடு விட்டுவிடவில்லை. சுவடியிலிருந்து காகிதத்தில் எழுதி வைத்திருந்த சிந்தாமணிப் பிரதியை அவர் கையில் கொடுத்தார். கொடுத்ததோடு, எனக்கும் பாடம் சொல்லுங்கள் என்று கூட உட்கார்ந்து படித்தார். உ.வே.சா.வுக்குப் புரியாத சமண விஷயங்களுக்கு ஊரில் இருந்த ஜைனர்களின் வீடுகளைத் தேடிப் போனார். அங்கே சிந்தாமணியை வழிவழியாகப் படித்து வந்தவர்கள் இருந்தார்கள். ஏழு வருடம் கழித்து, 1887இல், சீவகசிந்தாமணி அச்சுப் புத்தகமாக வந்தது. பிறகு சங்க நூல்கள், சிலம்பு, மணிமேகலை என்று அவர் பதிப்பித்தவை உங்களுக்கே தெரியும்.

'இதையெல்லாம் படித்து என்ன பயன்' என்ற அதே கேள்வியை நான் போன மாதமும் கேட்டேன், ஒரு வளைகாப்பு வீட்டில். என் அண்ணன் மகள் கைப்பையில் ரமணிசந்திரன் நாவல் ஒன்று இருந்தது. உறவினர் ஒருவர் அதை எடுத்துப் பத்துப் பேர் நடுவில் தூக்கிக் காட்டி, "இதெல்லாம் ஒரு புத்தகமா? எம்.எஸ்ஸி. படிச்சு என்ன பிரயோஜனம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள். சொன்னவரும் இந்தப் பதிவைப் படிப்பார். படிக்கட்டும்.

கேட்டவரிடம் நான் அன்றைக்கே ஒன்று கேட்டேன்: நீங்கள் கடைசியாக என்ன படித்தீர்கள்? பதில் இல்லை. அந்தப் பெண்ணோ இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, ராத்திரி பத்தரைக்கு மேல் முப்பது பக்கமாவது படித்துவிட்டுத் தூங்குகிறவள். நம் குடும்பத்தில் இன்றைக்குத் தினமும் தமிழ் படிக்கிற ஆட்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும். அதில் ஒருத்தியைச் சபையில் வைத்துச் சிரித்தோம்.

முன்சீப் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான், கேட்ட தோரணையிலும் அலட்சியம் இருந்தது. ஆனால் அவர் கையில் சிந்தாமணி இருந்தது. கூட உட்கார நேரமும் இருந்தது. கையில் மாற்றுப் புத்தகம் இல்லாதவருக்கு, இன்னொருவர் படிப்பதைக் குறைசொல்ல என்ன உரிமை? நம் அம்மாக்களும் பாட்டிகளும் கல்கி தொடர்கதையைப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்து வீடு வீடாகக் கைமாற்றிப் படித்தவர்கள். அதையும் அப்போது வீண்பொழுது என்று சொன்ன பெரியவர்கள் இருந்திருப்பார்கள். இன்றைக்குப் 'பொன்னியின் செல்வன்' படிக்கவில்லை என்றால் நாம்தான் கேலி செய்கிறோம்.

அண்ணன் மகளுக்கு நான் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' கொடுத்தேன். ஏன் அது? அதுவும் காதல் கதைதான். பனைவிளை என்ற சிற்றூரில் நொடித்துப்போன பெரிய வீட்டுப் பெண் லிஸி, பனையேறி மகன் தங்கராஜ். இவள் விரும்பிப் படிக்கிற அதே சரக்கு. ஆனால் வீட்டுக்குள் அடைபட்ட ஒரு பெண்ணின் மனசு, அந்த ஊர்ப் பேச்சோடு, எந்தப் பூச்சும் இல்லாமல் வந்திருக்கும். சின்னப் புத்தகம், பயமுறுத்தாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் போனில் பேசிக்கொள்கிறோம். முதல் வாரம் "அத்தை, பேச்சுமொழி புரியல" என்றாள். இரண்டாவது வாரம் லிஸியின் அப்பாவை அவள் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. ரமணிசந்திரனை அவள் விட்டுவிடவில்லை. விடச் சொல்லவும் மாட்டேன்.

ஆகவே, என்னிடம் கேட்பவர்கள் 'பத்து நல்ல புத்தகம்' என்று கேட்காதீர்கள். கடைசியாக எதை விரும்பிப் படித்தீர்கள், எந்தப் படம் பார்த்து ராத்திரி தூக்கம் வரவில்லை, ஒரே மூச்சில் எத்தனை பக்கம் ஓடும், இதைச் சொல்லுங்கள். அதை வைத்து ஒன்றே ஒன்று சொல்கிறேன். 'அசுரன்' பார்த்து உருகியவருக்குப் பூமணியின் 'வெக்கை'. படத்துக்கு மூலமே அதுதான். கொலை செய்துவிட்ட பையனும் அவன் அப்பாவும் காட்டில் மறைந்து திரிகிற சில நாட்கள், அவ்வளவே கதை. படத்தில் இல்லாத அமைதி ஒன்று அதில் இருக்கிறது. செல்போன் வந்தபிறகு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை என்று வருத்தப்பட்ட பெங்களூர் மாணவருக்கு அசோகமித்திரன் சிறுகதைகள், நாளைக்கு ஒன்று. அது பிடித்துப்போனால் 'தண்ணீர்'. நம் கால்நடை டாக்டருக்கு ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. ஏற்கெனவே படித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

'என் சரித்திரம்' வேண்டுமென்றால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். உ.வே.சா. காலமாகி 60 வருடம் என்றோ தாண்டிவிட்டதால் காப்புரிமைச் சிக்கல் இல்லை. உயிரோடிருக்கிற எழுத்தாளரின் நாவலை பிடிஎஃப்பாக்கிக் குடும்பக் குழுவில் போடுகிறீர்களே, அது வேறு. அதற்குப் பெயர் பகிர்தல் இல்லை. காசு இல்லையென்றால் கிளை நூலகத்துக்குப் போங்கள். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வருடா வருடம் கட்டுகிறோம், ரசீதை எடுத்துப் பாருங்கள். கட்டிய பணத்துக்காவது உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாதா? நூலகத்துறையை இங்கே வளர்த்தெடுத்த சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆவதற்கு முன்னால் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். "கணக்கு டீச்சருக்குக் கதைப் புத்தகத்தில் என்ன வேலை" என்று கேட்கிற சம்பந்தி வீட்டாருக்காக இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

'புத்தம் வீடு' இன்னொரு பிரதி என்னிடம் இருக்கிறது. முதலில் கேட்பவருக்குத் தபாலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனில் வர வேண்டும், அதுதான் வாடகை. படித்து முடித்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். என் 'மோகமுள்' போய் நான்கு வருடம் ஆகிறது. யாரிடம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.