கிராம சபையில் ஏரியைப் பேசுங்கள்!

 

சிப்காட் வந்ததால நம்ம பக்கம் நிறைய வீட்டுல வேலை கிடைச்சிருக்கு. கம்பெனி வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனால் ரோட்டுக்கும் மனைக்கும் திட்டம் போடுறவங்க, ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வாயை முதல்ல வரைபடத்துல குறிக்கணும்.

ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினா உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகுது. அதைத்தான் சென்னை குடிக்குது. மழை அதிகமானாலும் அதே வழிதான். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்க. அடையாற்றுக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. நடுவுல ஒரு கால்வாயை அடைச்சா மேல இருக்கிற தெருவுல வெள்ளம், கீழ இருக்கிற ஏரியில வறட்சி.

இதை யார் கேட்பது? 2022 முதல் நம் ஊராட்சிகளில் வருஷத்துக்கு 6 கிராம சபை. அதில் ஒன்று மார்ச் 22, உலக தண்ணீர் தினம். ஓட்டு உள்ள எல்லாருமே அதில் உறுப்பினர்தான். நமக்கு 18 வயசு ஆகலை. அம்மா, அப்பாவுக்கு ஆயிடுச்சே! கால்வாயை அளந்து கல் நடணும், ஐப்பசிக்கு முன்னாடி தூர் வாரணும்னு தீர்மானம் போடச் சொல்லுங்க. டீக்கடையில பேசினா காத்தோட போயிடும். தீர்மான நோட்டுல ஏறினாத்தான் அடுத்த கூட்டத்துல "என்ன ஆச்சு?"னு கேட்க முடியும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– 9ஆம் வகுப்பு மாணவி