அழிந்துபோகும் கடைசி இலக்கம்



சித்தூரில் பெங்களூரா மாங்காய் போடும் விவசாயிகளுக்குப் பணம் அனுப்பப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. விரிதாள் கட்டத்தில் 16 இலக்கக் கணக்கு எண்ணைத் தட்டினால், 15 இலக்கம்தான் தங்குகிறது. கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடுகிறது. திருப்பதிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பணம் வராமல் பாஸ்புக்கோடு நடையாய் நடந்தார். பாஸ்புக்கில் 7, என் தாளில் 0. நெஞ்சு பதறிவிட்டது.

எண்ணை எழுத்து வடிவில் பத்திரமாக வைத்தாலோ, மூலையில் பச்சை முக்கோணம் போட்டுப் பிழை என்கிறது! விரிதாளில் பெயர்கள் தேதியாக மாறியதால் 2020இல் சில மனித மரபணுக்களுக்கே புதுப் பெயர் வைத்தார்கள். கணக்கு எண்ணை அப்படி மாற்ற முடியுமா? இலக்கம் அழியும் அந்த நொடியிலேயே கட்டம் சிவக்க வேண்டும். என்ன போனது என்று தமிழிலும் தெலுங்கிலும் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகர், சித்தூர்